வானத்தில் எட்டு போட்டவர்கள்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். இங்கே எத்தனை பேர் எட்டு போட்டிருக்கிறீர்கள்? பாதிக்கு மேல் கைகள் உயர்கின்றன, நல்லது. ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் கால் தரையில் படாமல் வண்டியை எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் ஓரமாக நின்று பார்ப்பார். காலை ஊன்றிவிட்டால் போச்சு. அந்த மைதானத்தில் நிற்கிற எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். எட்டு போடுவது ஒன்று. எட்டு போட்டார் என்று தாளில் எழுதப்படுவது வேறொன்று.

இன்று நான் பேசப்போவது வானத்தில் எட்டு போட்டவர்களைப் பற்றி.

நான் விமானி இல்லை. பயணியாக விமானத்தில் ஏறியதே இரண்டு முறைதான். என்னுடைய முனைவர் பட்ட ஆய்வு தேர்வுகளைப் பற்றியது. குறிப்பாக, ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து இன்னொரு மனிதரை மதிப்பிடுகிற தேர்வுகள்: வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு, நேர்காணல். அவற்றைத் தேடிப் படித்துக்கொண்டு போனபோது விமானிகளின் செய்முறைத் தேர்வில் வந்து நின்றேன். உலகத்திலேயே மிகத் தெளிவாக அளக்கக்கூடிய தேர்வுகளில் அது ஒன்று. அதிலும் என்ன நடந்தது என்பதை அமெரிக்கக் கறுப்பின விமானிகள் சிலரின் வாழ்க்கை காட்டுகிறது.

முதலில் பெஸ்ஸி கோல்மன். 1892இல் டெக்சஸ் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிகாகோவில் ஒரு முடிதிருத்தகத்தில் ஆண்களின் நகங்களைத் திருத்திவிடும் வேலை பார்த்தார். விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்று பள்ளி பள்ளியாகக் கேட்டார். கறுப்பினத்தவர், அதிலும் பெண். அமெரிக்காவில் ஒரு பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையை நடத்திய ராபர்ட் அபட், பிரான்சுக்குப் போய்க் கற்றுக்கொள்ளச் சொன்னார். கோல்மன் பிரெஞ்சு மொழி படித்தார், காசு சேர்த்தார், 1920 நவம்பரில் கப்பல் ஏறினார். பிரான்சின் வடக்குக் கடற்கரையில் லெ குரோத்வா என்ற ஊரில் இருந்த கொத்ரோன் சகோதரர்களின் பள்ளியில் கற்றார். 1921 ஜூன் 15 அன்று சர்வதேச வானூர்திக் கூட்டமைப்பின் உரிமத்தைப் பெற்றார்.

அந்தத் தேர்வு எப்படி இருந்தது தெரியுமா? 5 கிலோமீட்டர் மூடிய சுற்றுப்பாதையில் பறக்க வேண்டும். எட்டு வடிவத்தில் திரும்ப வேண்டும். 50 மீட்டர் உயரத்துக்கு ஏறிக் காட்ட வேண்டும். இறங்கும்போது சக்கரம் தரையைத் தொடுவதற்குள் எஞ்சினை நிறுத்தி, முன்கூட்டியே குறித்த புள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். இந்த விதியில் தோலின் நிறம் இல்லை, குலம் கோத்திரம் இல்லை. கோல்மன் எட்டு போட்டார், குறித்த இடத்தில் நின்றார், உரிமத்தை வாங்கினார்.

அப்படியென்றால் தேர்வு நியாயமானதுதானே என்று தோன்றும். ஆமாம், தேர்வு நியாயமானதுதான். ஆனால் அந்தத் தேர்வு வரைக்கும் போவதற்கு அவர் ஒரு கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. கற்றுத்தர மாட்டோம் என்பது முதல் கதவு. அதை அடைத்து வைத்துவிட்டால் தேர்வில் பாகுபாடு காட்ட வேண்டிய அவசியமே வராது. 'தேர்வு எல்லோருக்கும் பொதுதான், யாருமே வரவில்லையே' என்று கையை விரித்துவிடலாம்.

இரண்டாவது கதவைப் பார்க்க சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சனிடம் போவோம். பின்னாளில் எல்லோரும் அவரைச் 'சீஃப்' என்றுதான் அழைத்தார்கள். பென்சில்வேனியாக்காரர். கற்றுத்தர ஆள் இல்லை, விமானத்தை வாடகைக்குத் தரவும் ஆள் இல்லை. என்ன செய்தார்? 1929இல், 22 வயதில், தெரிந்தவர்களிடமெல்லாம் கடன் வாங்கி 2,500 டாலருக்குச் சொந்தமாக ஒரு சிறு விமானத்தை வாங்கிவிட்டார். ஓட்டத் தெரியாது, விமானம் மட்டும் இருக்கிறது! ஒரு வெள்ளையின விமானி தன் தாயைப் பார்க்கப் போய்வர அந்த விமானத்தை வாடகைக்கு எடுத்தார். ஆண்டர்சன் கூடவே ஏறிக்கொண்டார். அவர் கை எங்கே போகிறது, கால் என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பெரும்பகுதியைக் கற்றார். அதே ஆண்டில் தனிநபர் உரிமம் கிடைத்தது.

அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு காசு வாங்கிப் பறக்க முடியாது. பிழைப்புக்குப் பறக்க வேண்டுமென்றால் அடுத்த நிலை உரிமம் வேண்டும். அதற்கு அவருக்குக் கற்றுத்தந்தவர் எர்ன்ஸ்ட் பியூல் என்ற ஜெர்மானியர். முதல் உலகப் போரில் பறந்துவிட்டு அமெரிக்காவில் குடியேறியவர். தேர்வுக்குப் போன இடத்தில் அரசுத் தேர்வாளரை பியூல் வற்புறுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகே ஆண்டர்சன் தேர்வுக்கு அனுமதிக்கப்பட்டார், 1932இல் உரிமம் பெற்றார். தேறுமளவுக்குத் திறமை இருந்தவருக்கே, தேர்வில் உட்கார இன்னொருவரின் பரிந்துரை தேவைப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது மூன்றாவது கதவு. அதற்குமுன், ஒரு சிறிய விமானத்தில் இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இன்று நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் விதிகள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. முதலில் தரையில் வாய்மொழித் தேர்வு: வானிலை, வரைபடம், விமானத்தில் எவ்வளவு எடை ஏற்றலாம், எரிபொருள் எவ்வளவு தேவை, சட்டம் என்ன சொல்கிறது என்றெல்லாம். பிறகு பறக்க வேண்டும். இறக்கையை நன்றாகச் சாய்த்து ஒரு முழு வட்டம் அடிக்கச் சொல்வார்கள். அந்த வட்டத்துக்குள் உயரம் 100 அடிக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வேகம் 10 நாட்டுக்கு மேல் மாறக்கூடாது. எந்தத் திசையில் தொடங்கினோமோ அதற்கு 10 பாகைக்குள் வந்து முடிக்க வேண்டும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கிற நிலை வரை கொண்டுபோய், அங்கிருந்து மீட்டுக் காட்ட வேண்டும். நடுவில் திடீரென்று தேர்வாளர் விசையைக் குறைத்துவிட்டு, 'எஞ்சின் நின்றுவிட்டது, என்ன செய்வீர்கள்?' என்பார். கீழே ஒரு வயலைப் பார்த்து, காற்றின் திசையைப் பார்த்து, அதை நோக்கி மிதந்து வர வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கான தேர்வில் எட்டு போடுவது இன்றைக்கும் இருக்கிறது. தரையில் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொண்டு அவற்றைச் சுற்றி எட்டு.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தத் தேர்வில் விமானத்தின் தலைவர் பொதுவாகத் தேர்வாளர் இல்லை, தேர்வுக்கு வந்தவர்தான். தேர்வாளர் பார்வையாளராக ஏறுகிறார். நம்முடைய வாய்மொழித் தேர்வுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தவறாகப் பதில் சொன்னால் நமக்குத்தான் நஷ்டம். விமானத்தில் தவறு செய்தால் இரண்டு பேரும் சேர்ந்து சாக வேண்டியதுதான். அந்த ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தேர்வாளரின் உயிர் தேர்வுக்கு வந்தவரின் கையில் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஜேனட் ஹார்மன் பிராக்கின் கதையைக் கேளுங்கள்.

1907இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்வி நிலையத்தில் செவிலியர் படிப்பு. பிறகு சிகாகோவில் செவிலியராக வேலை. அங்கே விமானம் பற்றிய ஆசை பிடித்துக்கொண்டது.

சிகாகோவில் அப்போது ஒரு சிறிய கூட்டம் இருந்தது. கார்னீலியஸ் காஃபி, ஜான் ராபின்சன் என்று இரண்டு மோட்டார் மெக்கானிக்குகள். ஒரு விமானப் பொறியியல் பள்ளியில் அஞ்சல் மூலம் இடம் வாங்கிவிட்டார்கள். நேரில் போனதும் நிறத்தைப் பார்த்துவிட்டு இடமில்லை என்றது பள்ளி. இந்த இடத்தில் ஏகலைவன் உங்களுக்கு ஞாபகம் வருவான். ஆனால் இவர்கள் கட்டை விரலைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகவில்லை. வழக்குப் போடுவோம் என்று அவர்கள் தரப்பிலிருந்து எச்சரிக்கை போனது. பள்ளி இறங்கி வந்தது. 1931இல் படிப்பை முடித்தார்கள். அதோடு நிற்காமல், கறுப்பின மாணவர்களுக்குத் தாங்களே வகுப்பெடுத்தார்கள். அந்த வகுப்பில் சேர்ந்த பெண்தான் ஜேனட்.

வகுப்பு இருந்தது, விமானம் இல்லை. செவிலியர் சம்பளத்தில் சேர்த்த பணத்திலிருந்து 600 டாலர் கொடுத்து ஜேனட் ஒரு விமானத்தை வாங்கினார். தான் மட்டும் ஓட்டுவதற்கு இல்லை, எல்லோரும் கற்பதற்கு. விமானம் வந்தது, அதை நிறுத்த இடமில்லை. இருக்கிற விமானத் தளங்களில் கறுப்பினத்தவருக்கு வரவேற்பில்லை. சிகாகோவுக்குத் தெற்கே ராபின்ஸ் என்று ஓர் ஊர், கறுப்பினத்தவரே நிர்வகித்த சிற்றூர். அங்கே நிலத்தைத் தாங்களே சீர்செய்து ஓடுபாதை போட்டார்கள். கொஞ்ச காலத்தில் புயல்காற்று அதை அழித்துவிட்டது. வேறு தளத்தைத் தேடிப்போய்த் தொடர்ந்தார்கள். ஜேனட்டுக்குத் தனிநபர் உரிமம் கிடைத்தது.

பிறகு போர் வந்தது. அமெரிக்காவுக்கு விமானிகள் தேவை. ஆண்கள் போர்முனையில் இருந்ததால், உள்நாட்டில் விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் வேலைக்குப் பெண் விமானிகளைச் சேர்த்தார்கள். சுமார் 25,000 பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1,000க்குச் சற்று அதிகமானோர் பயிற்சியை முடித்தார்கள். 1943இல் ஜேனட்டும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்குப் போனார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். மேலிடத்துக்கு எழுதினார், அங்கிருந்தும் அதே பதில். சரி, செவிலியராகவாவது போருக்குப் போகலாம் என்று ராணுவ மருத்துவப் பிரிவில் கேட்டார். கறுப்பினச் செவிலியருக்கான ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்றார்கள். இடஒதுக்கீடு என்றால் உள்ளே விடுவதற்கு என்றுதான் நமக்குத் தெரியும். இதற்கு மேல் வராதே என்று எல்லை போடுவதற்கும் ஒதுக்கீடு உண்டு. அங்கே இருந்தது அந்த வகை.

அப்போதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. வணிக விமானி உரிமம் வாங்கிவிடுவோம் என்று அலபாமாவில் இருக்கும் டஸ்கீகிக்குப் போனார். டஸ்கீகியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை எழுதியது. கறுப்பினத்தவர் அறிவிலும் துணிச்சலிலும் குறைந்தவர்கள் என்று அரசாங்கத் தாளில் எழுதிவைத்த அறிக்கை. அந்த அறிக்கைக்குப் பதிலாக அமைந்த ஊர் டஸ்கீகி. 1941 முதல் 1946 வரை 992 கறுப்பின ராணுவ விமானிகள் அங்கே தேறினார்கள். அங்கே தலைமைப் பயிற்சியாளர் யார்? கடன் வாங்கி விமானம் வாங்கினாரே, அதே சீஃப் ஆண்டர்சன். 1941இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் அங்கே வந்தபோது, பாதுகாவலர்கள் பதற, இவர் ஓட்டிய சிறு விமானத்தில் ஏறிப் பறந்தார். அந்தப் புகைப்படம் நாடு முழுக்கப் போனது.

ஜேனட் டஸ்கீகியில் பயிற்சி பெற்றார். எழுத்துத் தேர்வு முடிந்தது. பறக்கும் தேர்வுக்கு வெள்ளையினத் தேர்வாளர் வந்தார். இருவரும் விமானத்தில் ஏறினார்கள். அவர் சொன்னதையெல்லாம் ஜேனட் செய்தார், பத்திரமாக இறக்கினார். கீழே ஆண்டர்சன் காத்திருந்தார்.

தேர்வாளர் ஆண்டர்சனிடம் சொன்னதை ஜேனட் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். அதன் சாரம் இதுதான்: இந்தப் பெண் நன்றாகப் பறந்தார், உங்களுடைய பயிற்சியாளர்கள் யாரோடும் இவரை நிறுத்தலாம். ஆனால் நான் இதுவரை ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வணிக உரிமம் கொடுத்ததில்லை, கொடுக்கும் எண்ணமும் இல்லை.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

அவர் பொய் சொல்லவில்லை. 'இறங்கும்போது தடுமாறினாய்', 'உயரம் குறைந்துவிட்டது' என்று ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்து எழுதியிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. திறமை இருக்கிறது என்று வாயாலேயே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு மறுத்தார். அது அலபாமா. பேருந்தில் கறுப்பினத்தவருக்குத் தனி இருக்கை, குடிநீர்க் குழாய் தனி. அந்த மாநிலத்தில் ஒரு வெள்ளையின ஆண் ஒரு கறுப்பினப் பெண் ஓட்டிய விமானத்தில் ஏறி, தன் உயிரை அவர் கையில் கொடுத்து, பத்திரமாகத் தரைக்கு வந்தார். உயிரைக் கொடுக்க முடிந்தது. கையெழுத்தைக் கொடுக்க முடியவில்லை.

இது நடந்தது கறுப்பின விமானிகளை உருவாக்கிய டஸ்கீகியிலேயே என்பதையும் பாருங்கள். கறுப்பின ஆண்களுக்கு நூற்றுக்கணக்கில் அங்கே கையெழுத்து விழுந்துகொண்டிருந்தது. கறுப்பினப் பெண்ணுக்கு விழவில்லை. கதவு திறந்துவிட்டது என்று நாம் கொண்டாடும்போது யாருக்குத் திறந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த அரங்கத்துக்கும், நம் இயக்கங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதன்பிறகு ஜேனட் என்ன செய்தார்? சிகாகோவுக்குத் திரும்பினார். பால்-வாக்கி என்ற விமானத் தளத்தில் வேறொரு தேர்வாளரிடம் அதே தேர்வை எழுதினார். தேறினார். அதே 1943ஆம் ஆண்டு. பறந்தவர் அவர்தான், திறமையும் அதேதான். மாறியது எதிரே இருந்த ஆள் மட்டும்.

நம்மிடம் 'தகுதி, தகுதி' என்று பேசுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். விமானம் என்றதும் அவர்கள் குரல் இன்னும் உயரும். 'இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், இங்கே போய்ச் சமூகநீதி பேசலாமா?' என்பார்கள். நான் சொல்கிறேன், இங்கேதான் பேச வேண்டும். ஜேனட் தனக்காக 100 அடியை 200 அடியாக்கச் சொல்லவில்லை. கோல்மன் 50 மீட்டரை 500 மீட்டராக்கக் கேட்கவில்லை. அளவுகோலை வளைத்தது தேர்வாளர்தான். அந்த மறுப்பால் எந்தப் பயணியின் உயிரும் கூடுதலாகப் பாதுகாக்கப்படவில்லை. போர்க்காலத்தில் நாட்டுக்கு ஒரு விமானி குறைந்ததுதான் மிச்சம்.

ஆக, ஒரு செய்முறைத் தேர்வில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று அளவு, இன்னொன்று கையெழுத்து. அளவு எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு ஒடுக்கப்பட்டவர்களுக்கு நல்லது, ஏனென்றால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். சில தோழர்கள் தேர்வு என்பதே ஆதிக்கத்தின் கருவி, ஒழித்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுதப்பட்ட அளவு இல்லாத இடத்தில், தெரிந்தவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் வேலை கிடைக்கும். அளவு இருந்ததால்தான் 1921இல் ஒரு நகம் திருத்தும் தொழிலாளி உரிமம் வாங்க முடிந்தது. நம் சண்டை கையெழுத்தோடு. யார் போடுகிறார், எந்தக் காரணத்துக்காக மறுக்கிறார், மறுத்தால் எங்கே போய்க் கேட்பது என்பதோடு.

கையெழுத்தும் வாங்கிவிட்டால் முடிந்ததா? இல்லை. மார்லன் கிரீன் என்று ஒருவர். அமெரிக்க விமானப்படையில் பறந்த கறுப்பின விமானி. 1957இல் கான்டினென்டல் ஏர்லைன்சில் விண்ணப்பித்தார். இனம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார், புகைப்படம் ஒட்டவில்லை. அதனால் டென்வருக்குப் பறக்கும் தேர்வுக்கு அழைப்பு வந்தது. நன்றாகவே பறந்தார். அவரைவிடக் குறைந்த பறப்பு மணிகள் கொண்ட வெள்ளையினத்தவர்களுக்கு வேலை கிடைத்தது, அவருக்கு இல்லை. வழக்கு ஆறு ஆண்டுகள் போனது. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1965இல்தான் அவரால் அந்த நிறுவனத்தில் சேர முடிந்தது. இது நான்காவது கதவு.

இனி நம் ஊருக்கு வருகிறேன், சுருக்கமாக.

ப்ளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. எனக்கு உப்புச் சோதனை. படிப்படியாகச் செய்து, வந்த உப்பு எது என்று சரியாகவே எழுதியிருந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார். உப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊர் எது என்றார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். அதையும் சொன்னேன். 'சரி, போ' என்றார். நான் உப்பைக் கண்டுபிடித்தேன், அவர் என்னைக் கண்டுபிடித்தார். பக்கத்து மேசையில் இருந்த தோழிக்கு அமிலம் பற்றி, நிறமாற்றம் பற்றி நான்கு கேள்விகள் வந்தன. எத்தனை மதிப்பெண் போட்டார் என்பது எனக்கு முக்கியமில்லை. பதினாறு பதினேழு வயதில், என்னுடைய பதிலைவிட என்னுடைய தெரு முக்கியம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார், அதுதான் விஷயம்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2007இல் பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையிலான குழு டெல்லி எய்ம்சில் பட்டியலின, பழங்குடி மாணவர்களிடம் பேசியபோது, செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் பாகுபாட்டின் இடங்களாக இருப்பதைப் பெரும்பாலானோர் சொன்னார்கள். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே குழு 2016இல் எழுத்துத் தேர்வு மதிப்பெண்களையும் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. விளிம்புநிலை மாணவர்கள் விஷயத்தில் இரண்டுக்கும் இடையே தொடர்ந்து வருகிற வித்தியாசம் பாகுபாட்டைக் காட்டுகிறது என்றது. வாய்மொழித் தேர்வுக்கான 30 மதிப்பெண்ணை 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அந்தக் காலகட்டத்தில் வந்த யு.ஜி.சி. விதியோ நேர் எதிராக, ஆய்வுப் படிப்புச் சேர்க்கையை முழுக்க நேர்காணலின் கையில் கொண்டுபோய் வைத்தது. மாணவர்கள் போராடினார்கள், வழக்கு நடந்தது, பிறகுதான் அது மாறியது.

விமானியாக வேண்டும் என்று ஆசைப்படுகிற நம் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு கதவுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரத்துக்கு ஆகும் செலவு பல பத்து லட்சங்கள். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் தனியாரிடம் போனதோடு, இடஒதுக்கீட்டுக் கடமை கொண்ட பெரிய விமான நிறுவனம் ஒன்று கைவிட்டுப் போய்விட்டது.

அப்படியானால் என்ன செய்யலாம்? மூன்று விஷயங்கள் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. இன்றைய அமெரிக்க விதிப்படி, பறக்கும் தேர்வு முடிந்ததும் தேர்வாளர் மூன்று தாள்களில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். தேறினால் தற்காலிக உரிமம். தேறவில்லை என்றால், எந்தெந்தப் பகுதியில் தேறவில்லை என்று எழுதிய தாள். வானிலை போன்ற காரணத்தால் பாதியில் நின்றால், அதுவரை முடித்தவற்றைக் குறிக்கும் கடிதம். 'எனக்கு மனமில்லை' என்பதற்குத் தாளில் கட்டம் கிடையாது. பாகுபாடு காட்டுகிறவர் இதனால் திருந்திவிட மாட்டார். ஆனால் ஒரு குறையை எழுத வேண்டிய கட்டாயம் வரும்போது, அந்த எழுத்தை நாம் கேள்வி கேட்கலாம். நம் பல்கலைக்கழகங்களில் நேர்காணலில் நிராகரிக்கப்பட்டவருக்கு எந்தத் தாள் கிடைக்கிறது? பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். ஒவ்வொரு நேர்காணலுக்கும் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே அச்சில் வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும். பதிவு வேண்டும்.

இரண்டு. இன்னொரு தேர்வாளரிடம் போகும் உரிமை. ஜேனட்டுக்குச் சிகாகோ இருந்தது. அது தானாக வந்ததில்லை. காஃபியும் ராபின்சனும் வழக்கு என்று நின்றது, வில்லா பிரவுன் போன்ற பெண்கள் பறந்துகொண்டே மற்றவர்களுக்கும் பயிற்சி கொடுத்தது, அபட்டின் பத்திரிகை எழுதிக்கொண்டே இருந்தது, ஒரு செவிலியர் தன் சம்பளத்தில் பொதுவுக்கு ஒரு விமானம் வாங்கியது எல்லாம் சேர்ந்துதான் அலபாமாவில் விழாத கையெழுத்துக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது. அமைப்பாகாமல் இருந்திருந்தால் அவரும் தனியாக அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அப்படிப் போனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

மூன்று. பியூலை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? ஆண்டர்சனுக்காகத் தேர்வாளரிடம் வாதாடிய ஜெர்மானியர். டஸ்கீகியில் ஜேனட்டுக்காக வாதாட அப்படி ஒரு வெள்ளையினத்தவர் இல்லை. அறையில் இருக்கிறவர்களில் ஒருவராவது வாயைத் திறந்தால் முடிவு மாறலாம். உங்களில் பலர் நாளைக்கு ஆசிரியர்களாகப் போவீர்கள், நேர்காணல் குழுக்களில் உட்காருவீர்கள். அப்போது பக்கத்து நாற்காலிக்காரர் 'எந்த ஊர், எந்தப் பக்கம்?' என்று ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் நீங்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்காமல், 'பாடத்தைக் கேளுங்கள் சார்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

ஜேனட் பிராக் 1993 வரை வாழ்ந்தார். விமான நிறுவனம் எதுவும் அவரை வேலைக்கு அழைக்கவில்லை. கணவரோடு சேர்ந்து முதியோர் பராமரிப்பு இல்லங்கள் நடத்தினார், அமெரிக்காவுக்குப் படிக்க வந்த எத்தியோப்பிய மாணவர்களுக்குத் துணையாக இருந்தார், தனக்காகப் பறந்தார். டஸ்கீகியில் அவருக்கு மறுத்த தேர்வாளரின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. அவர் பெயரை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் விட்டுச்சென்ற அந்த நாற்காலிதான் ஞாபகத்தில் இருக்க வேண்டும். அதில் யார் உட்காருகிறார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே இருப்போம்.